பாப்பாவின் காரும் இரண்டு ஸ்க்ரூடிரைவர்களும்

அந்தக் கார் இன்னும் உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம், அதைக் கெடுத்துக்கொண்டிருந்த இருவரும் எதிரெதிர்த் திசையில் கெடுத்ததுதான்.

ஒருவர் வயலின் வாத்தியார். பாப்பாவின் கணவர். இன்னொருவர் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர். பாப்பாவின் அண்ணன். பாப்பா என்றதும் பாலுக்கு அழும் குழந்தையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடி போட்டவள், கோபம் வந்தால் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பேசுபவள். சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவரும் பாப்பா என்கிறார், தபால்காரரும் பாப்பா என்கிறார்.

கார் அவளுடைய அப்பா விட்டுப் போனது. "பெண்ணுக்குத்தான்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அண்ணன் வீடும் தங்கை வீடும் எதிரெதிரே. நடுவில் பொது முற்றம். கார் அந்த முற்றத்தில், முகத்தை அண்ணன் வீட்டுக்கும் முதுகைத் தங்கை வீட்டுக்கும் காட்டிக்கொண்டு நின்றது.

"இன்ஜின் என் வீட்டுப் பக்கம் இருக்கு. டிக்கி உங்க பக்கம். நீங்க டிக்கியைப் பாத்துக்குங்க மாப்பிள்ளை" என்பது அடுப்புக்காரர் போட்ட சட்டம்.

"சத்தம் ரெண்டு வீட்டுக்கும்தான கேக்குது மச்சான்? காது உள்ளவன்தான் இன்ஜினைத் தொடணும்" என்பது வாத்தியாரின் மேல்முறையீடு.

சண்டை மொத்தமும் ஒரு திருகாணியைப் பற்றியது. பழைய கார் இல்லையா, இன்ஜினின் தலைமாட்டில் கார்பரேட்டர் என்று ஒரு சமாசாரம் உட்கார்ந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே ஊட்டிக்கொண்டிருக்கும். அதன் விலாவில் ஒரு சின்னப் பித்தளை ஸ்க்ரூ. இறுக்கினால் பெட்ரோல் குறையும், தளர்த்தினால் கூடும். கூடினால் கரும்புகை கக்கித் திணறும். குறைந்தால் இருமிவிட்டு நின்றுபோகும். நடுவே ஓர் இடம் இருக்கிறது. நகக்கண் அகலம்தான். அந்த இடத்தில் ஸ்க்ரூவை விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட வேண்டும்.

அந்தக் கடைசி வேலைதான் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது.

வாத்தியார் ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். கட்டையாக, மெதுவாக, முனகலாக ஓட வேண்டும் அவருக்கு. அதற்காகக் கால் சுற்று தளர்த்துவார். அவர் மாணவர்களுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கப் போனதும் அடுப்புக்காரர் வருவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியில் படிந்திருக்கும் கரியை வெளிச்சத்தில் பார்ப்பார். "அடப்பாவி மனுஷா, வண்டியை எரிய விடுறாரா, புகைய விடுறாரா?" என்று தனக்குள் திட்டிவிட்டுக் கால் சுற்று இறுக்குவார். நெருப்பு என்றால் நீலமாக எரிய வேண்டும் என்பது அவருடைய மதம்.

மெக்கானிக்கிடம் காட்டக்கூடாதா என்று கேட்கலாம். காட்டினார்கள். இருவரும் கூடவே போனார்கள். ஒருவர் மெக்கானிக்கின் வலது காதில் பேசினார், இன்னொருவர் இடது காதில். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பாப்பாவைப் பார்த்தார்.

"அம்மா, வண்டியை விட்டுட்டு இவங்களைக் கூட்டிட்டுப் போங்க. இல்ல, இவங்களை விட்டுட்டு வண்டியைக் கூட்டிட்டுப் போங்க. எல்லாம் சேந்து இங்க இருந்தா எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துடும்."

மூன்றுமே வீடு திரும்பின.

இத்தனை நாளும் பாப்பா இதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது அவளுக்கு அந்தக் கார் தேவைப்பட்டது.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுக்கப் படித்தவள்தான். ஆனால் மேலே இடமில்லை என்று சொல்லி, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கண்ணாடிக் குழாய்களையும் ரப்பர் குழாய்களையும் கழுவ வைத்துவிட்டார்கள். மழையா வெயிலா என்பது அவளுக்கு மேலேயிருந்து இறங்கி வருபவர்களின் குடையைப் பார்த்தால்தான் தெரியும். அப்படி இருந்தவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வரும் வேலை. சொந்தக் கார் வேண்டும், லைசென்ஸ் வேண்டும்.

"கார் இருக்குன்னு சொன்னீங்க. லைசென்ஸ் எங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"சனிக்கிழமை டெஸ்ட் மேடம்."

"இதோட எத்தனாவது டெஸ்ட்?"

பாப்பா கண்ணாடியைத் துடைத்தாள். "மூணாவது."

"திங்கட்கிழமை லைசென்ஸ் இருந்தா வேலை உங்களுக்கு. இல்லன்னா ரிசப்ஷன்ல இருக்கற தம்பிக்குக் குடுத்துடுவேன். அவன்கிட்ட புது கார் இருக்கு."

முதல் டெஸ்டில், வாத்தியாரின் கைவண்ணத்தில் இருந்தது வண்டி. பாப்பா சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து ஒரு கரும்புகை கிளம்பி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே நின்றிருந்த தேர்வு அதிகாரியை முழுசாக விழுங்கி, சற்றுக் கழித்துச் சாம்பல் நிறச் சட்டையோடு திருப்பிக் கொடுத்தது. ஏறி உட்கார்ந்தவர் இருமி முடிப்பதற்குள் வண்டி நின்றுபோனது.

இரண்டாவது டெஸ்டுக்கு முதல் நாள் அடுப்புக்காரர் இறுக்கினார். மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னார் அதிகாரி. வண்டி 'பட்'டென்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதிகாரி இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டார். வண்டி பின்னோக்கி உருண்டது.

"ஒண்ணு வண்டியை மாத்துங்க, இல்ல டிரைவரை மாத்துங்க. இல்ல என்னை வேற ஊருக்கு மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி இறங்கிப் போனார்.

அன்று வீட்டில் விசாரணை நடந்தது. தீர்ப்பு எப்படி வந்தது தெரியுமா?

"பாப்பா, உன் இடது கால் இருக்கே, அதுக்குப் பொறுமையே கிடையாது" என்றார் அண்ணன்.

"கரெக்டா சொன்னீங்க மச்சான். சுடுபாத்திரத்தைத் தொட்ட மாதிரி கிளட்ச்சை வெடுக்குனு விடுறா" என்றார் கணவர்.

"அதேதான் மாப்பிள்ளை."

பாப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். "கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் கால்தானா?"

கேட்டுவிட்டாளே தவிர, மனசுக்குள் அந்த முள் தைத்துவிட்டது. ஒருவேளை கால்தானோ? கீழ்த்தளத்தில் குழாய் கழுவும்போது, இடது காலைத் தரையில் அழுத்தி, அங்குலம் அங்குலமாக மேலே எடுத்துப் பழகினாள். "என்னக்கா, நரம்பு இழுக்குதா?" என்று கேட்டாள் கூட வேலை பார்ப்பவள். "ஆமா. வீட்டுல ரெண்டு நரம்பு இழுக்குது" என்றாள் பாப்பா.

வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் பாப்பா பானெட்டைத் தூக்கினாள். கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, அந்தப் பித்தளை ஸ்க்ரூவின் தலையிலிருந்து கார்பரேட்டரின் உடம்பு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தாள். யார் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் கோடு உடைந்துவிடும்.

மாலையில் வந்து பார்த்தாள். கோடு நேராகத்தான் இருந்தது. அடடா, இருவரையும் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ஒரு கணம் மனசு இளகியது. குனிந்து பார்த்தாள். கோடு சேரும் இடத்தில் பாலிஷ் மெல்லிய ஓடு மாதிரி நொறுங்கியிருந்தது.

இருவரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"யார் தொட்டது?"

"எதை?" என்று இரண்டு குரல்கள் ஒரே சுருதியில் கேட்டன.

"அண்ணா, கையைக் காட்டு."

"கையில என்ன இருக்கும்? அடுப்புக் கரி இருக்கும்."

"நகத்துல சிவப்பா ஒண்ணு ஒட்டியிருக்கே, அது எந்த அடுப்புக் கரி?"

அடுப்புக்காரர் கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். "காலையில லேசா... கால் சுத்து இறுக்கினேன். அதுக்குப் போயி..."

"அதான பாத்தேன்!" என்று துள்ளினார் வாத்தியார். "மத்தியானம் வந்து பாக்கறேன், வண்டி தொண்டை கட்டின மாதிரி ஓடுது. நான் கால் சுத்து தளர்த்தாம இருந்திருந்தா..."

சொல்லி முடிப்பதற்குள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"ஆக, பெரியவங்க ரெண்டு பேரு, பகல் முழுக்க வேலை பாத்து, வண்டியை நேத்து இருந்த இடத்துலயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க" என்றாள் பாப்பா. "ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இங்க வரட்டும்."

வயலின் பெட்டியிலிருந்து ஒன்று வந்தது. அடுப்புக்காரரின் தோள்பையிலிருந்து ஒரு குடும்பமே வந்தது. வீட்டில் இத்தனை ஸ்க்ரூடிரைவர் இருந்தும் சமையலறைக் கதவின் கொண்டி ஒரு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தது என்பதைப் பாப்பா அப்போதுதான் கவனித்தாள்.

"நாளைக்கு நான் செட் பண்ணப் போறேன்."

"நீயா?" இதுவும் ஒரே சுருதி.

"நான்தான். ரெண்டு பேரும் வெளிய வந்தீங்க, டெஸ்டுக்கு நடந்தே போயிடுவேன்."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். முதலில் வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, வண்டியைத் தெருத்தெருவாக ஓட்டி இன்ஜினைச் சூடாக்கினாள். பிறகு முற்றத்தில் நிறுத்தி, ஓடவிட்டபடி பானெட்டைத் திறந்தாள். வாத்தியார் வீட்டுக்குள் அனுப்பப்பட்டார். எதிர் வீட்டு ஜன்னலில் அண்ணன் முகம். இந்த வீட்டு ஜன்னலில் கணவர் முகம். இரண்டுக்கும் கம்பி இருந்தது நல்லதாகப் போயிற்று.

பாப்பாவுக்குச் சுருதி தெரியாது. நீல நெருப்பும் தெரியாது. அவள் வேலை செய்யும் இடத்தில் விளிம்பு உடைந்ததால் தூக்கிப்போட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்திருந்தாள். அதில் பாதி தண்ணீர் ஊற்றி, இன்ஜினுக்கு மேலே வட்டமாக மூடியிருக்கும் ஏர் ஃபில்டரின் தலையில் வைத்தாள். தண்ணீர் வெடவெடவென்று நடுங்கியது.

ஸ்க்ரூவை மெதுவாக இறுக்கினாள். இன்ஜின் தடுமாறி, இருமத் தொடங்கியது. குவளைத் தண்ணீர் விளிம்புக்கு வெளியே தெறித்தது. சரி, இது ஒரு கரை. இப்போது தளர்த்தினாள். துளித்துளியாக. இருமல் நின்றது. வேகம் ஏறியது. இன்னும் தளர்த்தினாள். சத்தம் கனத்தது, பின்னாலிருந்து பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது, தண்ணீர் மறுபடி அலையடித்தது. இது மறு கரை. இரண்டு கரைக்கும் நடுவே திரும்பி வந்தாள், கண்ணைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு. ஓர் இடத்தில் அலைகள் சின்னச் சின்ன வட்டங்களாகச் சுருங்கி, கிட்டத்தட்ட அடங்கின. தண்ணீரில் மேகம் தெரிந்தது.

"இன்னும் ஒரு பொட்டு..." என்றது ஒரு ஜன்னல்.

"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்..." என்றது இன்னொரு ஜன்னல்.

பாப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டாள். நெயில் பாலிஷால் புதுக் கோடு இழுத்தாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

சனிக்கிழமை காலை கோட்டைப் பார்த்தாள். முழுசாக இருந்தது. வண்டியை வாத்தியார் ஓட்ட, அடுப்புக்காரர் முன்னால் உட்கார்ந்து வழி சொல்ல, இருவரும் தப்பான வழியில் போய் ஒருவழியாகத் தேர்வு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பாப்பா ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள், அவர்கள் இருவரும் பின் சீட்டுக்குப் போனார்கள். முன்னால் நீண்ட வரிசை. மதில் ஓரம், காற்றில்லாத வெயில். நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கார் நீளம் நகர வேண்டியிருந்ததால் இன்ஜினை அணைக்கவும் முடியவில்லை.

வண்டி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து கார்கள்தான். அப்போது ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. பிறகு கதவு நடுங்கியது. பிறகு பின் சீட்டில் இருந்த இருவரின் கன்னங்களும் நடுங்கின. வண்டி ஒரு இருமல் இருமி நின்றது.

பாப்பா மறுபடி கிளப்பினாள். நின்றது. மறுபடி. நின்றது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின.

"பாப்பா, காலு! காலைப் பாத்து எடு!" என்றார் அண்ணன்.

"நான்தான் சொன்னேனே, வெடுக்குனு விடுறா" என்றார் கணவர்.

பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை. ஜன்னல் இல்லாத அறை. ரிசப்ஷன் தம்பியின் புதுக் கார். தலையைக் குனிந்தாள். குனிந்ததில் தன் பாதங்கள் கண்ணில் பட்டன. இரண்டும் தரையில், செருப்போடு, அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கிளட்ச் பக்கத்தில்கூட இல்லை. கியரைப் பார்த்தாள். நியூட்ரல்.

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"அண்ணா, எட்டிப் பாரு. நீங்களும் பாருங்க. நல்லாப் பாருங்க. என் கால் எங்க இருக்கு?"

இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கீழ" என்றார் அண்ணன்.

"கியர்?"

"நியூட்ரல்ல" என்றார் கணவர், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"நியூட்ரல்ல நிக்கற வண்டியை எந்தக் காலால நிறுத்த முடியும்? சொல்லுங்க. போன ரெண்டு தடவையும் எந்தக் காலு?"

பாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வண்டியை ஓரமாகத் தள்ள வைத்தாள் இருவரையும். தள்ளுவதில்கூட ஒருவர் இடப்பக்கம் தள்ளினார், ஒருவர் வலப்பக்கம் தள்ளினார். பானெட்டைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. சிவப்புக் கோடு துளி உடையாமல் இருந்தது. யாரும் தொடவில்லை. அப்படியானால்?

"ஏங்க, கிளப்புங்க. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதிச்சே பிடிச்சுக்குங்க."

நடுங்கிக்கொண்டே ஓடியது இன்ஜின். அந்த நடுக்கத்துக்குள் ஒரு சத்தம். உஸ்ஸ்ஸ் என்று, யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவது போல. பாப்பா குனிந்தாள். கார்பரேட்டருக்கு அடியில், இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் பைப் மாட்டியிருந்தது. அதன் வாயில் ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து தேன் நிறத்தில் எதுவோ உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டாள். பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டுப் போர்வையிலும் தலையணையிலும் இருக்கிற வாசனை. வயலின் வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டி.

"இன்ஜினை நிறுத்திட்டு இங்க வாங்க" என்றாள்.

வாத்தியார் வந்தார். பைப்பைப் பார்த்தார். உடனே வானத்தைப் பார்த்தார்.

"வானத்துல என்ன? எப்போ வெச்சீங்க இதை?"

"உன் முதல் டெஸ்டுக்கு முன்னாடி... உஸ்ஸுனு ஒரு அபஸ்வரம் பாப்பா. ராத்திரி பகலா காதுக்குள்ளயே இருந்துச்சு. கொஞ்சம் ரோசினை உருக்கி அடைச்சேன். நின்னுடுச்சு. நிஜமாவே நின்னுடுச்சு!"

"நின்னது சத்தம் மட்டுமா? சூடானா உருகாதா அது?"

அடுப்புக்காரருக்கு மாசக்கணக்கில் இப்படி ஒரு சந்தோஷம் வாய்க்கவில்லை. "மாப்பிள்ளை! இன்ஜினுக்கு ரோசினா? அடுத்து பெட்ரோல் டேங்க்ல தந்தி கட்டுவீங்களா? பாப்பா, கேட்டியா? உருகினா வெடிப்பு திறந்துக்கும், காத்து திருட்டுத்தனமா உள்ள போகும். ஸ்க்ரூவை நீ எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரயோஜனம் இல்ல. இதைத்தான் நான்..."

அவர் பேசிக்கொண்டிருக்கையில் பாப்பா ஒழுகிய ரோசினைக் கைக்குட்டையால் துடைத்தாள். கைக்குட்டையில் ரோசின் வந்தது. அதோடு கறுப்பும் வந்தது. பைப்பில் கறுப்பு போன இடத்தில் பளிச்சென்று ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

இப்போது அடுப்புக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"அண்ணா, இது அடுப்பு பைப்தான?"

"ஒரிஜினலை விட ஸ்ட்ராங் பாப்பா."

"ஸ்ட்ராங்குன்னா ஏன் வெடிச்சிருக்கு?"

"அடுப்புல வெடிக்காது."

"கறுப்பு எப்படி வந்துச்சு?"

"ஷூ பாலிஷ்." குரல் தேய்ந்தது. "ஆரஞ்சா தெரிஞ்சா மாப்பிள்ளை கேலி பண்ணுவாரு."

"நானும் அதனாலதான் சொல்லல. ரோசினைப் பாத்தா மச்சான் கேலி பண்ணுவாரு" என்றார் வாத்தியார்.

இருவரும் ஒரே வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். வரிசையில் இன்னும் இரண்டு கார்கள்தான் இருந்தன.

வெடித்த ரப்பர் குழாயை என்ன செய்வது என்பதற்குப் பாப்பாவுக்கு யாருடைய யோசனையும் தேவைப்படவில்லை. கீழ்த்தளத்தில் தினமும் செய்கிற வேலை அது. கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பைப்பை இழுத்து உருவி, வெடித்த வாயை மட்டும் துண்டாக வெட்டி எறிந்தாள். அடுப்புக்காரர்கள் பைப்பைத் தாராளமாக நீளம் விட்டு மாட்டுவார்கள், அந்த ஒரு புண்ணியம் இருந்தது. புது வாயை எச்சில் தொட்டு ஈரமாக்கி, அழுத்தித் திருகி மாட்டினாள். பழைய கிளிப்பை இறுக்கினாள்.

"கிளப்புங்க."

வாத்தியார் கிளப்பினார். உஸ் இல்லை. நடுக்கம் இல்லை. நேற்று முற்றத்தில் குவளைத் தண்ணீரில் மேகம் தெரிந்தபோது ஓடிய அதே ஓட்டம்.

"இப்போ லேசா தளர்த்தினா..." வாத்தியார் கை தானாக நீண்டது.

"லேசா இறுக்கினா..." அண்ணன் கையும் நீண்டது.

பாப்பாவுக்கே விரல் துறுதுறுத்தது. பைப் மாறிவிட்டதே, ஒரு பொட்டு திருப்பிப் பார்க்கலாமா? ஸ்க்ரூடிரைவர் கைப்பையில்தான் இருந்தது. பிடிவரை விரல் போய்விட்டது. சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். நீண்டிருந்த இரண்டு கைகளும் பதறி விலகும் வேகத்தில் பானெட்டை அடித்துச் சாத்தினாள்.

"கடைசி வண்டி யாரு? வாங்க!" என்று குரல் கேட்டது.

தேர்வு அதிகாரி காரைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். இந்த முறை பழுப்புச் சட்டை போட்டிருந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கதவை முழுசாகச் சாத்தாமல் உட்கார்ந்தார். தப்பித்து ஓட வசதியாக.

"கதவு சார்" என்றாள் பாப்பா.

"இருக்கட்டும்மா."

"சார்."

சாத்தினார்.

வளைவில் போனாள். பின்னோக்கி வந்தாள். மேட்டில் பாதியில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். அதிகாரி கண்ணை இறுக மூடிக் காதைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார்.

"நின்னுடுச்சாம்மா?"

"இல்ல சார். ஓடுது."

"சத்தமே இல்லையே."

"கையை வெச்சுப் பாருங்க."

முன்பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குறட்டை விடாமல் தூங்கும் மனிதனின் நெஞ்சு மாதிரி, மெத்தென்று ஓர் ஓட்டம் இருந்தது. பாப்பா இடது காலை எடுத்தாள். அங்குலம் அங்குலமாகவெல்லாம் இல்லை. சாதாரணமாக, நடக்கும்போது எடுப்பதுபோல் எடுத்தாள். வண்டி துளி பின்வாங்காமல் மேட்டில் ஏறியது.

"புது வண்டியா வாங்கிட்டீங்களா? பெயின்ட் மட்டும் பழசா?" என்றார் அதிகாரி, கைக்குட்டையை மடித்து வைத்தபடி.

"அதே வண்டிதான் சார்."

"அதே டிரைவரா?"

"அதே டிரைவர், அதே கால்."

அவர் பேப்பரில் எழுதியதைப் பாப்பா தலைகீழாகவே படித்துவிட்டாள். பாஸ். திங்கட்கிழமை ரிசப்ஷன் தம்பி ரிசப்ஷனிலேயே இருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாப்பாதான் ஓட்டினாள். இருவரும் பின் சீட்டில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிக்னல் தாண்டியது.

"தப்பா நினைக்காத பாப்பா" என்று தொண்டையைக் கனைத்தார் வாத்தியார். "லேசா ஒரு கரகரப்பு கேக்குது. கால் சுத்துகூட வேணாம். அரைக்கால்..."

"கரகரப்பு இல்ல மாப்பிள்ளை. பெட்ரோல் ஜாஸ்தி. மூக்குல ஏறுதே, தெரியல? பாப்பா, வீட்டுக்குப் போனதும் அந்த ஸ்க்ரூடிரைவரை மட்டும் குடு, ஒரே நிமிஷம்..."

வண்டி ஓரமாக நின்றது. பாப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். எதிரே ஒரு பஸ் நிறுத்தம்.

"இறங்குங்க."

"யாரு?" என்றார் அண்ணன்.

"ஜோடியா."

இறங்கினார்கள். பாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கியரைப் போட்டாள். கார் ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், வளைவில் திரும்பி மறைந்தது. இருவரும் காதைத் தீட்டிக் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"சுருதி சரியாத்தான் இருக்கு மச்சான்" என்றார் வாத்தியார், மெதுவாக.

"புகையும் இல்ல மாப்பிள்ளை" என்றார் அடுப்புக்காரர், அதைவிட மெதுவாக.

"அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்?"

தூரத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதில் ஏறுவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.